நடந்தால் அடை

கோவண்டி
19-1-64

அன்புள்ள மன்னிக்கு,

இல்லை, கோபம் ஒன்றும் இல்லை. அன்று டாக்ஸியில் ஏறும்போது நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் அதுவல்ல. பார்த்தால் குழந்தை உங்கள் தோளில் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துவிடும். அழுதுகொண்டிருந்தால் அதைத் தாங்க வேண்டும். அழாமல் இருந்தால் அதையும் தாங்க வேண்டும். தெரியாமல் போவதே மேல் என்று தோன்றியது.

நமஸ்காரத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கும் ஜம்பு அண்ணாவுக்கும் இப்போது எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? என் சுகத்தை இங்கே காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் கட்டில் காலில் தொங்கும் அட்டையில் குறிக்கிறார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் மேல் மூலையில் ஒரு மேகத் துண்டு. அவ்வளவுதான். அதற்காக இரண்டு மாதக் குழந்தையை என்னிடமிருந்து வாங்கி உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். இங்கே ரயில் ஏறிக் குர்லாவில் மாறினால் மாட்டுங்கா, நம் வீடு. ஜன்னலில் லோக்கல் ரயிலின் சத்தம் கேட்கிறது. இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது.

அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். வராந்தாவில் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பெஞ்சு.

"விசு எப்படி இருக்கான்?"

"நன்னா இருக்கான்."

"என்ன பண்றான்?"

"தூங்கறான். முழிச்சுக்கறான்."

உங்கள் கொழுந்தனின் பேச்சு எவ்வளவு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆகவே நீங்கள் எழுத வேண்டும். அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். தபாலில் போடுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். எந்தக் கையைச் சூப்புகிறான், எப்போது சிரிக்கிறான், இப்படி.

பால் இன்னும் நிற்கவில்லை. துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அன்புள்ள,
ஷ்யாமளா

•

மாட்டுங்கா
2-2-64

சௌபாக்கியவதி ஷ்யாமளாவுக்கு மன்னி பாகீரதி அநேக ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்குத் தினம் விளக்கேற்றும்போது ஒரு திரி கூடப் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரி முட்டையை வேண்டாம் என்று சொல்கிறாயாம், ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு வந்து சங்கரன் சொன்னான். மருந்தென்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு. யாரும் கேட்கப் போவதில்லை.

நான் உன்னைப் போலக் காலேஜில் படித்தவள் இல்லை. எட்டாவதோடு சரி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

குழந்தை சமர்த்தாக இருக்கிறான். டின் பால் முதல் இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவில்லை, கக்கினான். இப்போது பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறான். விசு என்று கூப்பிட்டால் ஏதோ தாசில்தாரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. நான் குட்டன் என்று கூப்பிடுகிறேன். அதற்குக் கண்ணை உருட்டுகிறான். தூளியை எங்கள் அறையில் கட்டியிருக்கிறோம். கொக்கி புதிதாக அடிக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷமே அடித்தது.

ஒன்று சொல்கிறேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது. குழந்தை குப்புறித்தால் கொழுக்கட்டை, படி தாண்டினால் அப்பம், நடந்தால் அடை. பண்ணி, முதல் வாய் பெற்றவள் போட்டுக்கொள்ள வேண்டும். மீதியைத்தான் நாலு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். அந்தந்தச் சமயத்தில் செய்து சங்கரனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வாயில் போட்டுக்கொண்டாய் என்று தெரிந்த பிறகுதான் இங்கே மற்றவர்களுக்குக் கொடுப்பேன்.

பால் விஷயம் எழுதியிருந்தாய். மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததில்லை, கேள்விப்பட்டதுதான்.

ஆசீர்வாதத்துடன்,
பாகீரதி

•

கோவண்டி
15-3-64

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். ஜுரம் இல்லை. எடை ஒரு பவுண்டு கூடியிருக்கிறது. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? குழந்தையைத் தூக்கித் தூக்கி அதிகமாகியிருக்குமே.

இன்று அவர் கேரியரைப் பெஞ்சின் மேல் வைத்தார். திறந்தேன். கொழுக்கட்டை. அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் வாய் போட்டுக்கொண்டேன். உங்களிடம் சொல்லச் சொன்னேன். மீதியை எடுத்து வந்து பக்கத்துக் கட்டில் பேராச்சியிடம் கொடுத்தேன். தாராவிக்காரி, திருநெல்வேலிப் பக்கம். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, அண்ணன் மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"என்னக்கா விசேசம்?"

"என் பிள்ளை குப்புறித்துக்கொண்டான்."

"நீங்க பாக்காமலேயா கவுந்தான்? வெவரமான பயதான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று.

எந்தப் பக்கமாகக் குப்புறித்தான், மன்னி? இடமா, வலமா? அப்போது நீங்கள் அறையில் இருந்தீர்களா, அல்லது வந்து பார்த்தபோது குப்புறக் கிடந்தானா? யாரும் பார்க்காதபோது நடந்திருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவில்லை.

கேரியர் பையில் போட்டோவும் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. சட்டை நான் தைத்ததில்லை. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவன் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு வளையல். பேராச்சி வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரு கையி?"

"எங்கள் மன்னி."

"கைய மட்டும் வெட்டிப்போட்டா படம் உங்களுக்குத்தான்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். பிறகு கட்டைவிரலால் அந்தக் கையை மறைத்துப் பார்த்தேன். மறைத்தால் குழந்தை பின்னால் சாய்ந்துவிடுவான் போல இருக்கிறது. விரலை எடுத்துவிட்டேன்.

அவன் பெயர் விசு. புண்ணியாகவாசனத்தன்று காதில் மூன்று முறை சொன்னது விசுவநாதன் என்றுதான்.

ஷ்யாமளா

•

மாட்டுங்கா
9-7-64

சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம். மழை விடவில்லை, கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறி இறங்கிவிட்டது. உன் வார்டில் ஒழுகுகிறதா? நெஞ்சில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போட முடியவில்லை. இடது பக்கமாகத்தான் குப்புறித்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்போது சொல்லலாம் என்று எழுதுகிறேன். ஜூன் மாதம் குட்டனுக்கு வயிற்றுப் போக்கும் ஜுரமுமாக வந்துவிட்டது. டாக்டர் இரண்டு தடவை வீட்டுக்கே வந்தார். கண் உள்ளே போய்விட்டது. கையை விட்டு இறக்கினால் அழுகை. ராப்பகல் என் மேலேயே கிடந்தான். உனக்கு எழுத வேண்டாம், அவள் உடம்பு கெடும் என்று சங்கரன்தான் சொன்னான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இப்போது பூரண குணம். கன்னம் மறுபடி வந்தாயிற்று.

ஜுரம் விட்ட குழந்தைக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. நேற்றுத் தவழ்ந்து அடுக்களைப் படியைத் தாண்டி வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் காலடியில் சிரிக்கிறான். கரண்டியைப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பம் வரும்.

பாகீரதி

•

கோவண்டி
19-7-64

மன்னிக்கு,

நமஸ்காரம். சுகம்.

ஜுரம் வந்தால் எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். உங்களுக்குச் சரி என்று பட்டாலும் எழுதுங்கள். ஜூன் முழுவதும் நான் இங்கே பேராச்சியுடன் தாயம் ஆடிக்கொண்டிருந்தேன். ஜெயித்த அன்று சிரித்தது நினைவிருக்கிறது. அது எந்த நாளாக இருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

அப்பம் வந்தது. நான் வாயில் போடவில்லை. பேராச்சி தின்றாள். "எக்கா, கோவம் அப்பத்து மேலயா, அனுப்புனவுக மேலயா?" என்று கேட்டுக்கொண்டே தின்றாள். "எம் மதினிதான் எம்புள்ளைய வளக்கா. நா போய் நின்னா அது என்னப் பாத்து இவ யாருங்கும். நாலு நாளு மதினிய வெரட்டிப்புட்டு மடியில போட்டுக்கிட்டா தன்னால ஒட்டிக்கிடும். புள்ளைன்னா அப்படித்தான்."

விசு இப்போது என்ன பேசுகிறான்? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்?

ஷ்யாமளா

•

மாட்டுங்கா
20-9-64

சௌ. ஷ்யாமளாவுக்கு அநேக ஆசீர்வாதம். நவராத்திரி வரப்போகிறது, இந்த வருஷம் கொலு சின்னதாகத்தான். பொம்மையை அவன் விட்டுவைக்க வேண்டுமே. உன் எடை கூடிக்கொண்டே போகிறது என்று சங்கரன் சொன்னான். வயிறு குளிர்ந்தது.

அப்பத்தை நீ தொடவில்லை என்றும் சொன்னான். இங்கேயும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. காக்காய்க்குப் போட்டேன்.

பேச்சு நிறைய வந்திருக்கிறது. காக்காயைப் பார்த்தால் கா. டபிள் டெக்கர் பஸ்ஸைப் பார்த்தால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பூ, பூ என்று ஜன்னல் கம்பியை உலுக்குகிறான். கீழ் வீட்டு ருக்குவை 'உக்கு' என்கிறான். அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாடி ஏறி வந்து, "என்னை ஒரு தடவை கூப்பிடுடா ராஜா" என்று கெஞ்சுகிறாள். பாலுக்கு ஒரு சத்தம், தண்ணீருக்கு ஒரு சத்தம். பெரியப்பா ஆபீஸிலிருந்து வந்தால் செருப்பைத் தள்ளிக்கொண்டே தவழ்ந்து போய்க் கொடுக்கிறான்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பாகீரதி

•

கோவண்டி
4-10-64

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இந்தத் தடவை சுகம் என்பது வழக்கத்துக்காக எழுதுவதில்லை. சளியில் கிருமி இல்லை. மூன்று மாதமாகத் தொடர்ந்து இல்லை. டாக்டர் இன்று காலை கட்டிலருகே நின்று, வீட்டுக்குப் போகலாம், மாத்திரை மட்டும் தொடர வேண்டும் என்றார். குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்டேன். தூக்கலாம் என்றார். முத்தம் மட்டும் சில நாள் போகட்டும் என்றார்.

"அக்டோபர் கடைசியில் எந்த நாள் வேண்டுமானாலும் போகலாம். உங்களுக்கு எது வசதி?"

நவம்பர் எட்டு என்றேன். ஏன் அவ்வளவு தள்ளி என்றார். என் மகன் பிறந்த நாள் என்றேன். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்துவிட்டது. அண்ணாவுக்கும் அவருக்கும் லீவு போட வேண்டாம். ஆண்டு நிறைவை அன்றைக்கே வைத்துவிடலாம். நேராக அங்கே வந்து இறங்கி, குளித்து, மடிசார் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முன்பு சொல்லியிருக்கிறேன். இப்போதும் இல்லை. ஆனால் ஹோமம் முடியும்வரை குழந்தை என் மடியில் இருப்பான். எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டும்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒன்று கேட்டிருந்தேன். காக்காயை என்ன சொல்கிறான், பஸ்ஸை என்ன சொல்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. வந்து நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஷ்யாமளா

•

மாட்டுங்கா
14-10-64

சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. பகவான் கண்ணைத் திறந்தான். எல்லோருக்கும் பரம சந்தோஷம். உன் அரக்குப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் உதறிப் போட்டேன். ரவிக்கையைப் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், நீ இப்போது சதை போட்டிருப்பாய்.

குட்டன் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். எழுந்துவிட்டான். மற்றவை பின்னர்.

பாகீரதி

•

கோவண்டி
1-11-64

மன்னிக்கு நமஸ்காரம்.

இன்று அவர் பெரிய கேரியரில் கொண்டுவந்தார். வடை, பாயசம், ஒரு சின்ன சம்புடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல். பெஞ்சின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எந்த வளர்ச்சிக்கு எந்தப் பண்டம் என்று மனத்துக்குள் தேடினேன். நீங்கள் சொன்ன மூன்றில் இவை இல்லை.

"என்ன விசேஷம்?" என்றேன்.

"புதன்கிழமை ஆண்டு நிறைவு நடந்ததோல்லியோ. ஐப்பசி பூசம். உனக்காக மன்னி இன்னிக்கு மறுபடியும் பண்ணிக் குடுத்தா."

"எட்டாம் தேதி இல்லையா?"

"அது இங்கிலீஷ் தேதின்னா! நட்சத்திரம்தானே கணக்கு. உனக்குத் தெரியாதா என்ன?"

தெரியும், மன்னி. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கட்டில் காலில் தொங்கும் அட்டையில் எல்லாம் இங்கிலீஷ் தேதிதான். ஊசி, எக்ஸ்ரே, எடை, எல்லாம். அதிலேயே இவ்வளவு நாள் இருந்துவிட்டேன். டாக்டர் கேட்டபோது வாயில் அதுதான் வந்தது. எந்த நாள் வேண்டுமானாலும் போகலாம் என்றவரிடம், பூசம் தாண்டி ஒரு நாளைக் கேட்டு வாங்கியவள் நான்தான். பிசகு என்னுடையது.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றேன்.

"மன்னி உனக்கு எழுதியாச்சுன்னாளே. எட்டாம் தேதிதான் வர முடியும், காத்திருக்க வேண்டாம், நடத்திடுங்கோன்னு நீ பதில் போட்டதாச் சொன்னா."

பாயசத்தில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"யார் மடியில?"

"நீ இல்லாம நான் மட்டும் எப்படி மணையில உட்கார்றது? அண்ணாவும் மன்னியும் உட்கார்ந்தா. காதும் குத்தியாச்சு. ஒரே அழுகை."

மாட்டுங்காவிலிருந்து கோவண்டிக்கு வரும் தபால் இதுவரை ஒன்றும் தொலைந்ததில்லை. நீங்கள் எழுதியதாகச் சொன்னதும், நான் பதில் போட்டதாகச் சொன்னதும் மட்டும் தொலைந்திருக்கின்றன. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவிடமும் சொல்ல மாட்டேன்.

எட்டாம் தேதி காலை வருகிறேன். ஊருக்குப் போய் உங்களுக்கு வெகு நாளாகிறது. சிலகாலம் போய் இருந்துவிட்டு வந்தால் மாறுதலாக இருக்கும். நான் வரும்போது நீங்கள் கிளம்பியிருந்தால் நல்லது.

ஷ்யாமளா

•

நூரணி, பாலக்காடு
15-11-64

சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம்.

நீ எழுதியபடி வந்துவிட்டேன். தம்பி வீட்டில் இருக்கிறேன். எல்லோரும் க்ஷேமம். நீ கோவண்டியில் கிளம்பிய நேரத்தில் நான் தாதரில் ரயில் ஏறியிருப்பேன். உங்கள் அண்ணாதான் ஏற்றிவிட்டார். குழந்தையை ருக்குவிடம் கொடுத்தேன். ஜன்னலில் பஸ்ஸைக் காட்டச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாக இறங்கினேன்.

பாலை ரொம்பச் சூடாக வைக்காதே. பருப்பு சாதத்தை நன்றாகக் குழைத்து நெய் விட்டுக் கொடு, தட்டில் போட்டால் தானே துழாவுவான், அடிக்காதே. தூங்கும்போது காதைப் பிடித்துக்கொள்வான். தன் காதை இல்லை. பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்களோ அவர்கள் காதை. தோட்டைக் கழற்றி வைத்துவிடு, இல்லாவிட்டால் இழுத்துவிடுவான்.

நட்சத்திரம் வேறு, தேதி வேறு என்று அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். குட்டன் எழுந்துவிட்டான். அப்புறம் எழுதவில்லை.

மணையில் சாஸ்திரிகள், "குழந்தையை அம்மா மடியில் வச்சுக்கோங்கோ" என்றார். அவர் நம் வீட்டுக்குப் புதிது. யாரும் திருத்தவில்லை. காது குத்தும்போது அழுதான். யாரைக் கூப்பிட்டு அழுதான் என்று கேட்பாய். கேட்காதே.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கையை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசிக்கிறான். அப்புறம் உட்கார்ந்துவிடுகிறான். எந்த நாளும் நடந்துவிடுவான். நடந்தால் ஒரு கார்டு போடு. அடையை நீ அங்கே வார்த்து முதல் வாய் போட்டுக்கொள். அது உன்னுடையது. நான் இங்கேயும் வார்த்து நாலு குழந்தைகளுக்குக் கொடுக்கிறேன். எனக்கு அது போதும்.

பாகீரதி

•

நூரணி
12-12-64

சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதே.

நான் எழுதியதற்குப் பதில் இல்லை. கை ஒழிந்திருக்காது, எனக்குத் தெரியாதா. உங்கள் அண்ணாவின் கடிதத்தில் எல்லோரும் சௌக்கியம் என்று ஒரு வரி. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.

பொங்கலுக்கு வரட்டுமா என்று அவருக்கு எழுதினேன். ஷ்யாமளாவைக் கேள் என்று எழுதிவிட்டார். கேட்கிறேன்.

அடைக்குப் பருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். தபால்காரர் தெருவில் வரும்போது தம்பி பெண்டாட்டி, "இன்னிக்கு நடந்துடுவான் பாருங்கோ" என்று கேலி பண்ணுகிறாள். குட்டன் நடந்தானா?

பாகீரதி

•

மாட்டுங்கா
6-1-65

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். உங்கள் தம்பி வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பு. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். உட்கார்ந்தேன். குழந்தை எழுந்துவிட்டான்.

நான் சுகம். போன வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மேகம் இருந்த இடத்தில் ஒரு சின்ன வடு மட்டும் இருக்கிறது. அது கடைசிவரை இருக்குமாம், கெடுதல் இல்லையாம். பேராச்சியும் தாராவிக்குத் திரும்பிவிட்டாள். மார்க்கெட்டில் ஒரு நாள் பார்த்தேன். இடுப்பில் பெண் இருந்தது. "ஒட்டிக்கிட்டா பாத்தீங்களா" என்றாள். "மதினி?" என்றேன். "அவ அழுதுக்கிட்டு கெடக்கா" என்றாள்.

நீங்கள் போன முதல் நாட்களில் விசு உங்கள் அறைக் கதவுக்குத் தவழ்ந்து போய்த் தட்டுவான். திறந்து காட்டுவேன். தூளியின் கீழ், கட்டிலின் கீழ் எல்லாம் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். அப்போது அவன் சொன்ன சொல்லை நானும் எழுதப் போவதில்லை. இப்போது தட்டுவதை நிறுத்திவிட்டான்.

காதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உண்மைதான். தோட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

போட்டோவைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார் அவர். கை தெரிகிறது. மறைக்கவில்லை.

பொங்கலுக்கு அவசரப்பட வேண்டாம். பனிக்காலத்தில் ரயில் பிரயாணம் உங்கள் இடுப்புக்கு ஆகாது. மாசி, பங்குனி ஆகட்டும், பார்க்கலாம்.

குழந்தை நன்றாக இருக்கிறான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கையை விடுகிறான். நீங்கள் எழுதியது போலவே ஒரு நிமிஷம் யோசிக்கிறான். அப்புறம் உட்கார்ந்துவிடுகிறான்.

இன்னும் நடக்கவில்லை. நடந்தால் எழுதுகிறேன்.

அன்புள்ள,
ஷ்யாமளா

•

கடிதத்தை ஒட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஆபீஸிலிருந்து அண்ணனும் தம்பியும் திரும்புவதற்குள், காலையில் ஊறப்போட்டிருந்த அரிசியையும் பருப்பையும் அரைத்து, ஒரே ஓர் அடை வார்த்து, நின்றுகொண்டே தின்றாள்.